அனுப்பினால் போதுமா? நிறுத்தவும் வேண்டும்!

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிச் சிறு வியாபாரம் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பது, வாடிக்கையாளர்களுக்குத் தானாகவே செய்தி அனுப்பும் வசதியைத்தான். பணம் கட்ட முதல் நாள் இமெயில், மூன்றாம் நாள் எஸ்.எம்.எஸ்., ஏழாம் நாள் வாட்ஸ்அப் என வரிசையாக செட் செய்துவிடலாம். சாப்ட்வேர் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அனுப்புவது எளிது, சரியான நேரத்தில் நிறுத்துவதே முக்கியம்.

பணம் கட்டியவருக்கே மீண்டும் "பணம் கட்டவும்" என்று செய்தி போனால், அவர் நம் கடைப் பக்கம் வருவாரா? எனவே ஒவ்வொரு செய்தியும் கிளம்பும் முன், "பணம் வந்துவிட்டதா? பதில் வந்துவிட்டதா? வேண்டாம் என்றாரா?" என்று புரோகிராம் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மூன்று வழிகளும் நிற்க வேண்டும். இதற்கு மூன்றுக்கும் ஒரே வாடிக்கையாளர் பட்டியல் தேவை.

விளம்பரச் செய்திகளுக்கு இது சட்டமும்கூட. டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, விளம்பர அழைப்புகளும் எஸ்.எம்.எஸ்.களும் வேண்டாம் என்று எவரும் 1909 எண்ணில் பதியலாம்.

முதலில் உங்கள் எண்ணையே பட்டியலில் சேர்த்து, "பணம் வந்தது" என்று குறியுங்கள். அடுத்த செய்தி வராவிட்டால் மட்டுமே மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்குங்கள்.