நிவாரணத்துக்கும் சாப்பாவா?

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 விழுக்காடு சரிந்ததாக அரசின் புள்ளியியல் அலுவலகமே அறிவித்தது. அப்பெருமந்தத்தில் வேலையிழந்தோருக்கு மோடி அரசு நீட்டிய கை எத்தகையது? ஈ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்கான வேலையின்மை உதவித்தொகை, 2020இல் ஊதியத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் 90 நாள்களுக்கு, அதுவும் வாழ்நாளில் ஒரே ஒருமுறை. அதைப் பெற ஈராண்டுகள் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டியிருந்தது. முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களேனும் சந்தா செலுத்தியிருக்க வேண்டியிருந்தது.

இவ்விதியைக் கொச்சியை அடுத்த கும்பளங்கியில் பொருத்திப் பாருங்கள். மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்று பெயர் பெற்ற ஊர். 2020 மார்ச் மாதத்திலிருந்து பயணிகள் இல்லாமல் போயினர். விருந்தினர் இல்லங்களில் சமைத்த பெண்கள், படகோட்டிகள், சீனவலை இழுப்போர் ஆகியோரில் எவரிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது? யாருக்கு வேலை நிலையற்றதோ அவருக்கே, நிலையாக வேலை பார்த்ததற்குச் சான்று காட்டு என்றது அரசு.

எஞ்சியிருந்தது இடதுசாரிகளின் வலியுறுத்தலால் 2005இல் சட்டமான ஊரக வேலை உறுதித் திட்டம். கேரளத்தில் 2020இல் நாட்கூலி 291 ரூபாயாக இருந்தது. ஆண் கூலியாளரின் சந்தைக் கூலியில் பாதிகூடத் தேறாத இத்தொகையால் அதுவரை இங்கே பெண்களே இப்பணியில் மிகுந்திருந்தனர். அந்நிலையில் ஆண்களும் வந்தால், குடும்பம் ஒன்றுக்கு 100 நாள் என்பது எத்தனை வாரம் தாங்கும்? பாலம் கடந்து பெரும்படப்புக்குச் சென்றால் அந்த 100 நாளும் இல்லை. அது கொச்சி மாநகராட்சி எல்லை. மத்தியச் சட்டம் அங்கே செல்லாது. மாநில அரசு தன் நிதியில் நடத்தும் அய்யங்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டமே அங்கு துணை. பசிக்கு ஊராட்சி எல்லையும் மாநகராட்சி எல்லையும் உண்டோ?

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை கேட்ட 15 நாள்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப்படி தர வேண்டும் என்றது: முதல் 30 நாள்களுக்குக் கூலியில் கால் பங்கு, பின்னர் அரைப் பங்கு. அச்சட்டப்படி வேலைக்குக் கூலி தந்தது மத்திய அரசு. படி தர வேண்டியிருந்ததோ மாநில அரசு. மத்திய அரசு நிதியை இழுத்தடித்தாலும் பழி மாநிலத்தின் தலையில் விழும். (கேரளத்தில் 2020இல் படித்த வேலையற்றோருக்கு மாதம் 120 ரூபாய் என்பதும் நாம் பெருமை கொள்ளத்தக்கதன்று.)

வேலை கேட்பது நமது கோரிக்கை, அதற்காகத்தான் போராடினோம். ஆனால் வேலையை உரிமையாகத் தருவது வேறு, பசித்தவரைச் சலித்து விலக்கும் சல்லடையாக்குவது வேறு. 1877 பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், கல்லுடைத்து மண் சுமப்போருக்கும் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில காசுமே போதும் என்றார். கூலி கூடினால் சோம்பேறிகள் பெருகுவார்களாம். இன்றைய நிதியமைச்சகத்தின் கணக்கும் அதே ஏட்டில்தான் எழுதப்படுகிறது.

கொச்சித் துறைமுகத்தில் ஒருகாலத்தில் வேலை வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். சாப்பா என்பது அதன் பெயர். முட்டிமோதிப் பிடித்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆண்டனி ஆகிய தோழர்கள் உயிரீந்தனர். 67 ஆண்டுகள் கழிந்து 2020இலும் நிவாரணம் வில்லையாகவே வீசப்பட்டது.

வருமான வரி செலுத்தாத குடும்பங்களுக்கு ஆறு மாதங்களுக்கு மாதம் 7,500 ரூபாய், ஆளுக்கு 10 கிலோ இலவசத் தானியம், உயர்த்திய கூலியுடன் 200 நாள் வேலை, நகரங்களுக்கும் வேலை உறுதிச் சட்டம் என்பவை 2020இல் இடதுசாரிகள் முன்வைத்த கோரிக்கைகள். தோழர்கள் இம்மாதமே கும்பளங்கி, செல்லானம், கும்பளம் ஊராட்சிகளில் வீடுவீடாகச் சென்று வேலை கேட்கும் மனுக்களை எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு மனுவுக்கும் தேதியிட்ட ரசீது பெறுக. ரசீது இல்லாதவருக்கு 15 நாள் கணக்கு தொடங்குவதே இல்லை.