இரவில் இறங்கிய உணவு

மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜீரியாவில் உலி என்னும் ஊரின் அருகே சென்ற நெடுஞ்சாலை ஒன்றை அகலப்படுத்தி விமான ஓடுபாதையாக்கினர். 1968ஆம் ஆண்டில் பால்பொடி, கருவாடு, மருந்து ஆகியவற்றைச் சுமந்த விமானங்கள் இருள் சூழ்ந்த பின்னரே அங்கு வந்து வட்டமிடும். விமானம் தரையிறங்கும் வேளையில் மட்டும் விளக்குகள் எரியும்; உடனே அணைக்கப்படும். வெளிச்சம் நீடித்தால் வானிலிருந்து குண்டு விழும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

1960இல் விடுதலை பெற்ற அந்நாட்டில், 1966இல் வடபகுதியில் வாழ்ந்த இக்போ இன மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு மே 30ஆம் நாள் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்னும் பெயரில் தனிநாடாகத் தன்னை அறிவித்தது. ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1968 மே மாதத்தில் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் நடுவண் அரசுப் படையின் கைக்குப் போனதும், பயாஃப்ராவுக்குக் கடல்வழி அடைபட்டது; நிலவழி முன்னரே அடைபட்டிருந்தது. சுருங்கிய நிலப்பரப்பில் இலட்சக்கணக்கான மக்கள் நெருங்கினர். அறிவியல் பாடத்தில் இடம்பெறும் குவாஷியார்க்கர் என்னும் புரதக் குறைபாட்டு நோய் அங்கே வீடுதோறும் புகுந்தது. கை கால் மெலிந்து, வயிறு வீங்கி, தலைமுடி செம்பட்டையான குழந்தைகளின் படங்களை உலகம் கண்டது. அப்போரில் இறந்தோர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது பரவலான மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கியன்று, பசி.

உணவு ஏன் இரவில் வரவேண்டும்? பயாஃப்ராவுக்கு ஆயுதம் கொணர்ந்த விமானங்களும் அதே ஓடுபாதையில், அதே இருளில் இறங்கின. எனவே, பகலில் வந்து சோதனைக்கு உட்படுக என்றது நடுவண் அரசு. பகல் விமானங்களின் மறைவில் பகைவர் புகுவர் என்று மறுத்தார் பயாஃப்ராவின் தலைவர் ஓஜுக்வு. பகைவரின் நிலவழியே வரும் உணவில் நஞ்சு கலந்திருக்கலாம் என்ற அச்சமும் அவர் பக்கத்தில் நிலவியது. இரு தரப்பின் வாதத்திலும் போர்த்தந்திர நியாயம் ஓரளவு உண்டு. குழந்தைக்கு மட்டும் அதில் இடமில்லை. 1969 ஜூன் 5 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் விமானம் ஒன்று நைஜீரியப் போர் விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டது. சங்கம் தன் விமானங்களை நிறுத்திக்கொண்டது. கிறித்தவ அமைப்புகளின் விமானங்கள் தொடர்ந்து பறந்தன.

உணவு வழியை அடைத்தவர் மீதே முதற்பழி விழவேண்டும். ஆயினும், உள்ளிருந்து வழியை மறுத்தவரும் அப்பழியிலிருந்து தப்ப இயலாது. புறநானூற்றில் கோவூர்கிழார் செய்ததும் இதுவே. சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டான். கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த நெடுங்கிள்ளியும் சோழனே. பாலின்றி அழும் குழந்தைகளைச் சுட்டி, ஒன்று கதவைத் திறந்து கொடு, அன்றேல் திறந்து போரிடு என்று புலவர் உள்ளிருந்தவனையே இடித்துரைத்தார்.

உதவி வந்ததால்தான் போர் நீண்டது என்று வாதிடுவோரும் உளர். உதவி அமைப்புகள் செலவிட்ட அயல்நாட்டுப் பணம் பயாஃப்ரா அரசுக்கு ஆயுதம் வாங்கப் பயன்பட்டது என்பர். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், பட்டினி போரை விரைவில் முடிக்கும் என்று கணக்கிடுவோர் பால்குடி மாறாத பிள்ளையைப் போர்முனையில் நிறுத்துகின்றனர். அக்கணக்கை ஏற்பதைவிட, ஆயுதமும் உணவும் ஒரே பாதையில் வராமல் பிரிப்பதே தக்க வழி. புறப்படும் இடத்திலேயே நடுநிலையாளர் சரக்கைச் சோதித்து முத்திரையிட்டால், போரிடுவோர் இருவருக்கும் மறுப்பதற்குக் காரணம் குறையும்.

1949ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கைகள் உள்நாட்டுப் போரில் நடுநிலை அமைப்பு உதவ முன்வரலாம் என்று மட்டுமே கூறின; அதனை ஏற்றே தீரவேண்டும் என்று கூறவில்லை. 1977இல் சேர்க்கப்பட்ட நெறிமுறை, உள்நாட்டுப் போரிலும் பொதுமக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கொள்ளக் கூடாது எனத் தடுத்தது. எனினும் உதவி நுழைய அந்நாட்டு அரசின் இசைவு வேண்டும் என்ற விதி அதிலும் நீடிக்கிறது. பட்டினிக்குக் காரணமானவரே இசைவு தரவேண்டியவராகவும் இருக்கும்போது, தக்க காரணமின்றி மறுப்பதைக் குற்றமாகக் கொள்வதில் தயக்கம் ஏன்?

உலிக்கு உணவு கொணர்ந்த விமானங்கள் வெறுமனே திரும்பவில்லை. நோயுற்ற குழந்தைகளைக் காபோன், ஐவரி கோஸ்ட் முதலிய நாடுகளுக்கு ஏற்றிச் சென்றன. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கே உணவுண்டு, உடல் தேறினர். 1970 ஜனவரியில் போர் முடிந்த பின்னரே அவர்கள் படிப்படியாக ஊர் திரும்பத் தொடங்கினர்.