வெட்டி எடுத்த வரி யாருக்கு உதவும்?

ஏப்ரல் 14 வந்தால் நம் கைப்பேசிகள் நீல நிறமாகிவிடுகின்றன. பாபாசாகேப் படம், கீழே ஒரு வரி. அதை எங்கே சொன்னார், எப்போது சொன்னார், யாருக்குப் பதிலாகச் சொன்னார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. நாமும் அப்படிப் பதாகை அடித்தவர்கள்தான், தோழர்களே. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

1953 செப்டம்பரில் மாநிலங்களவையில், இந்த அரசியலமைப்பை எரிக்க நானே முதல் ஆளாக வருவேன் என்ற பொருளில் அவர் பேசினார். அரசியலமைப்பையே மாற்றத் துடிப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், "பாருங்கள், எழுதியவரே வேண்டாம் என்றார்" என்பார்கள். நம் தோழர்கள் சிலரும் கோபத்தில் அதையே பகிர்கிறார்கள். ஆனால் அவர் அன்று பேசியது ஆந்திர மாநில மசோதா விவாதத்தில். பெரும்பான்மையிடமிருந்து சிறுபான்மையினரைக் காப்பது எப்படி என்பதே அவர் எழுப்பிய கேள்வி. 1955 மார்ச்சில் அதே அவையில் விளக்கமும் தந்தார்: தெய்வத்துக்குக் கட்டிய கோயிலில் அசுரர்கள் குடியேறிவிட்டால் இடிக்காமல் என்ன செய்வது? கோபம் குடியேறியவர்கள் மீது. இந்தப் பின்னணி தெரியாதவர் எதிரியின் கைக்குக் கத்தியைத் தாமே கொடுக்கிறார்.

வெட்டுவதை அவர் ஏற்றவருமல்லர். 1936இல் லாகூர் மாநாட்டுக்குத் தலைமையேற்க அழைத்த ஜாத் பாத் தோடக் மண்டல், அவருடைய உரையில் சில பகுதிகளை நீக்கக் கேட்டது. அவர் மறுத்தார். மாநாடே நின்றது. அந்த உரையைத் தன் செலவில் அச்சிட்டார். அதுவே 'சாதி ஒழிப்பு'. சாதி இந்துச் சீர்திருத்தவாதிகள் கேட்டும் அவர் செய்யாத வெட்டை, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நாம் செய்யலாமா?

மேற்கோள் வாதத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். "பாபாசாகேப் சொல்லிவிட்டார்" என்று சொல்லி எதிராளியின் வாயை அடைப்பது பக்தி. அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரும் அவரே.

எனவே ஒரு வரியைப் பகிரும் முன் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைப் படிப்போம். இடமும் தேதியும் சேர்த்து எழுதுவோம். மூலம் கிடைக்காத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் பெயரில் போடாதிருப்போம். அவருடைய எழுத்துகளை மகாராஷ்டிர அரசு 1979 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. தமிழிலும் கிடைக்கின்றன. படிப்பு வட்டத்தில் வாரம் பத்துப் பக்கம் போதும்.

நம் முன்னோருக்குப் படிப்பு மறுக்கப்பட்டது. படிக்க முடிந்த நாம் ஒற்றை வரியோடு நின்றுவிட்டால், அந்தத் தடையை நாமே நீட்டிக்கிறோம்.

ஜெய்பீம்!