வைத்தவர் போய்விட்டார்... வெடி கிடக்கிறது!



தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? காகிதக் குப்பைக்கு நடுவே வெடிக்காத பட்டாசு ஒன்றிரண்டு கிடக்கும். அதைப் பொறுக்கி, மருந்தைக் கொட்டிக் கொளுத்திப் பார்க்கும் வீரர்கள் உங்களில் உண்டு என்று எனக்குத் தெரியும்! கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

சரி, ஒரு கேள்வி. வெடியைத் தெருவில் விட்டது எதிர் வீட்டு அண்ணன். காயம்பட்டது பால் வாங்க அந்த வழியே வந்த ஒரு சிறுமி. கிடக்கிற வெடியை அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு?

'அந்த அண்ணன்தான்!' என்கிறீர்கள். அவர் வீட்டையே காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றால்?

இப்படி ஒரு கேள்வியைத்தான் எகிப்து நாடு பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பட்டாசுக்கு அல்ல, கண்ணிவெடிக்கு.

எகிப்தின் வடக்குக் கடற்கரையில், அலெக்சாண்ட்ரியா நகருக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது எல் அலமெய்ன். இரண்டாம் உலகப்போரின்போது, 1942-ல் இங்கே பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் ஜெர்மனி, இத்தாலி படைகள். மறுபக்கம் பிரிட்டன் தலைமையிலான படைகள். அவற்றில் நம் இந்திய வீரர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பும் மணலுக்குள் கண்ணிவெடிகளைப் புதைத்தன. ஜெர்மன் தளபதி ரோமெல் புதைக்கச் சொன்னவை மட்டுமே நான்கு லட்சத்துக்கும் மேல். அந்த இடங்களுக்கு 'சாத்தானின் தோட்டங்கள்' என்றே பெயர் வைத்தார்கள்!

நவம்பர் மாதம் சண்டை முடிந்தது. ஜெயித்தவர்களும் போனார்கள், தோற்றவர்களும் போனார்கள். தோட்டங்கள் மட்டும் அங்கேயே இருந்தன.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தச் சண்டை நடந்தபோது எகிப்து யார் மீதும் போர் அறிவித்திருக்கவில்லை. யாரோ இருவர் வந்து, இவர்கள் வீட்டு முற்றத்தில் அடித்துக்கொண்டு போன கதைதான். அந்தப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் பெடூயின் மக்கள்தான் அதன்பின் கால்களை இழந்தார்கள், உயிரையும் இழந்தார்கள்.

கண்ணிவெடிக்குப் போர் முடிந்த செய்தி தெரியாது. மேலே எடை விழுந்தால் வெடிக்கும், அவ்வளவுதான். டாங்கியைத் தகர்க்க வைத்த பெரிய வெடிகளுக்கு அதிக எடை வேண்டும். மனிதர்களுக்காக வைத்தவற்றில் பலவற்றுக்குச் சில கிலோ போதும். பல வருடங்கள் மண்ணில் கிடந்து துருப்பிடித்த வெடி இன்னும் ஆபத்தானது. எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எடுத்துவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? ஒருவர் முகக் கவசமும் கனமான அங்கியும் போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, மெட்டல் டிடெக்டரை மண்ணுக்கு மேலே மெதுவாக நகர்த்த வேண்டும். 'பீப்' என்றால் நிறுத்தி, சின்னக் கருவியால் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வெறும் ஆணியோ தகர டப்பாவோதான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதே நிதானம் வேண்டும். (கம்போடியாவில் எலிகளைப் பழக்கி, மோப்பம் பிடிக்க வைத்தும் தேடுகிறார்கள். அந்தக் கதை இன்னொரு வாரம்!) எல் அலமெய்னில் இன்னொரு தொல்லை, மணல். காற்று அதை நகர்த்திக்கொண்டே இருப்பதால், பழைய வரைபடத்தில் குறித்த இடம் ஒன்று, வெடி கிடக்கும் இடம் வேறொன்று.

செலவும் அதிகம். ஒரு வெடியைச் செய்யச் சில டாலர் போதும். அதைத் தேடி எடுக்க நூற்றுக்கணக்கான டாலர் ஆகும்.

'வைத்த நாடுகளே எடுக்கட்டும், இல்லாவிட்டால் முழுச் செலவையும் கொடுக்கட்டும்' என்கிறது எகிப்து. அந்த நாடுகள் வரைபடங்களும், கொஞ்சம் பணமும், கருவிகளும் தந்தன. முழுப் பொறுப்பை ஏற்கவில்லை.

1997-ல் கண்ணிவெடிகளைத் தடை செய்ய ஒட்டாவா ஒப்பந்தம் வந்தது. அது என்ன சொல்கிறது தெரியுமா? வெடி யார் மண்ணில் கிடக்கிறதோ, அந்த நாடு 10 வருடத்துக்குள் அகற்ற வேண்டும். வசதியுள்ள மற்ற நாடுகள் உதவ வேண்டும். யார் வைத்தது என்று அது கேட்கவில்லை! எகிப்து கோபித்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் சேராமலே இருக்கிறது.

எகிப்தின் கோபம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், ஒப்பந்தம் எழுதியவர்களின் கவலையும் புரிகிறது. யார் குற்றவாளி என்று பேசி முடிவெடுப்பதற்குள் இன்னும் எத்தனை பேர் மிதிப்பார்கள்? வெடியை முதலில் எடுத்துவிட்டு, கணக்கை அப்புறம் கேட்டால் என்ன? இரண்டையும் சேர்த்தே செய்யக் கூடாதா?

நம் நாடும் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு, பாகிஸ்தான் எல்லையோரம் வயல்களில் கூட நம் ராணுவம் கண்ணிவெடி புதைத்தது. பதற்றம் தணிந்ததும் 2002-ல் அதே ராணுவம் அவற்றை எடுக்க ஆரம்பித்தது. வைத்தவர்களே எடுத்தார்கள், வரைபடமும் கையில் இருந்தது. அப்படியும் வீரர்களும் விவசாயிகளும் காயம்பட்டார்கள், சிலர் இறந்தார்கள்.

எல் அலமெய்ன் பக்கத்தில் கடலோரமாக இப்போது புது நகரம் ஒன்று எழுந்திருக்கிறது. வானுயரக் கட்டடங்கள், ஓட்டல்கள்! அந்த இடத்தில் வெடிகளை முதலில் அகற்றிவிட்டுத்தான் கட்டினார்கள். கடலை விட்டு உள்ளே போகப் போக, ஆட்டுக்காரர்கள் இன்றும் தங்கள் அப்பா நடந்த தடத்திலேயே நடக்கிறார்கள். ஆடு வழி மாறி ஓடினால், பின்னால் ஓடலாமா என்று ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்