மந்திரவாதியின் நோட்டீஸும் நம்மவர் கூச்சமும்

தபால்தலை சேர்த்தால் கௌரவம், பழைய நாணயம் சேர்த்தால் புத்திசாலித்தனம், மேஜிக் ஷோ நோட்டீஸ் சேர்த்தால் மட்டும் பைத்தியம்! நம்மவர் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. மந்திரவாதி பி.சி. சர்க்காரின் நோட்டீஸ், நிகழ்ச்சிப் புத்தகம், போஸ்டர் என்று கல்கத்தா காலேஜ் தெருப் பழைய கடைகளில் சில வருஷங்களாகப் பொறுக்கி வருகிறேன். பிழைக்க வந்த ஊரில் பெயரெடுக்க நினைக்கும் எவருக்கும் இந்தக் காகிதங்களில் விஷயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பெரிய சர்க்காரை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1971 ஜனவரி 6-ம் தேதி, ஜப்பானுக்கு நிகழ்ச்சி நடத்தப் போன இடத்தில் காலமாகிவிட்டார். 1913-ல் கிழக்கு வங்காளத்து டாங்காயில் பிறந்தவர். 'இந்திரஜாலம்' என்ற மேடைக் காட்சியுடன் உலகம் சுற்றியவர். 1964-ல் பத்மஸ்ரீ, 2010-ல் 5 ரூபாய் தபால்தலை. அவர் காட்டிய வித்தைகளில் 'எக்ஸ்-ரே கண்' என்பது மிகப் பிரசித்தம். இரண்டு கண்களையும் இறுகக் கட்டிக்கொண்டு, கரும்பலகையில் சபையோர் எழுதுவதைப் படித்துச் சொல்வார். மனத்தைப் படிப்பதாகச் சொல்லும் வித்தைக்காரர்கள் எல்லோரும் இந்த ஜாதிதான்.

போஸ்டரைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது பெயர். சர்க்கார் என்பது வங்காளத்தில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர். இவர் ஆங்கிலத்தில் அதன் எழுத்துக்களை மாற்றினார். முதல் 'ஏ' இருந்த இடத்தில் 'ஓ', 'கே' இருந்த இடத்தில் 'சி'. மந்திரவாதிக்கு ஆங்கிலத்தில் 'சார்ஸரர்' என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சாயல் வந்துவிட்டது! அப்பா வைத்த பெயரும் போகவில்லை, வேறு யாரோடும் குழப்பமும் இல்லை. அதன் பக்கத்திலேயே 'உலகின் தலைசிறந்த மந்திரவாதி' என்ற பட்டம். யார் கொடுத்தது? அவரே சூட்டிக்கொண்டதுதான். வெளிநாட்டு வித்தைக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் பட்டத்தை ஒரு எழுத்துக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது தலைப்பாகை. வங்காளத்து பத்ரலோகர் யார் தலைப்பாகை கட்டுகிறார்கள்? ஆனால் போஸ்டரில் சர்க்கார் சாக்ஷாத் மகாராஜா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருக்கு முந்தைய தலைமுறையில், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 1880-ல் பிறந்த கிளாட் அலெக்ஸாண்டர் கான்லின் என்பவர், சபையோர் எழுதிக் கொடுக்கும் கேள்விகளுக்கு மேடையில் பதில் சொல்லிப் பணம் குவித்தார். அவருடைய போஸ்டரிலும் தலைப்பாகை கட்டிய ஒரு முகம். 'அலெக்ஸாண்டர், அறிந்த மனிதர்' என்று ஒரு வரி. என்ன அறிந்தவர், எப்படி அறிந்தார் என்று ஒரு விளக்கமும் கிடையாது. தெரிய வேண்டுமானால் டிக்கெட் வாங்கு! அச்சடித்து மிஞ்சிய கட்டுகள் அழியாமல் கிடந்ததால் அந்தப் போஸ்டர்கள் இன்றும் சேகரிப்பவர்களிடம் ஏராளமாக இருக்கின்றன. அமெரிக்கர் இந்திய வேஷம் போட்டுக் காசு பார்த்தார். இந்தியர் ஒருவர் அதே வேஷத்தைத் தம்முடைய உரிமையாக்கிக்கொண்டு மேல்நாட்டுக்குப் போனார். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடிக்கிறது.

எல்லாவற்றுக்கும் சிகரம் லண்டன் சம்பவம். 1956 ஏப்ரல் 9, பி.பி.சி. டெலிவிஷனில் 'பனோரமா' நிகழ்ச்சி. மேஜைமேல் ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, சுழலும் ரம்பத்தால் இரு கூறாக அறுத்துக் காட்டினார் சர்க்கார். பிறகு அவளை எழுப்பினார். எழுந்திருக்கவில்லை. கையைத் தேய்த்துப் பார்த்தார். அசைவில்லை. முகத்தில் துணியைப் போட்டார். உடனே அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பி.பி.சி.யின் டெலிபோன்கள் அலறின. பெண் செத்துவிட்டாளா? மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் முதல் பக்கம். பெண் சௌக்கியமாக இருந்தாள். நேரம் போதாமல் காட்சி நின்றுவிட்டது என்று சமாதானம் சொன்னார்கள். நிமிஷக் கணக்கில் மேடையை நடத்திய மனிதருக்கு அன்று மட்டும் நேரம் தவறியதாம்! நான் நம்பவில்லை.

ஆனால் நான் கவனிப்பது வேறு. டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் அவருடைய காட்சிகள் நடப்பதாக முன்கூட்டியே ஏற்பாடாகி இருந்தது. ஊர் முழுக்க இவர் பேச்சாக இருந்தபோது டிக்கெட் கவுண்டரும் திறந்திருந்தது. டிக்கெட்டுகள் பறந்தன. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் எனக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். விளம்பரம் செய்கிறவர்களில் பாதிப் பேர் ஜனங்கள் வந்து நிற்கும்போது கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள்.

இனி நம் கதை. ரயில்வே உத்தியோகம் போக மிச்ச நேரத்தில் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் என்பதால் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் என்னிடம் வருவார்கள். "சார், நம்ம நாடகத்தைப் பத்தி நாலு வரி போடுங்க." எந்தத் தேதி, எந்த இடம், யார் நடிக்கிறார்கள்? ஒன்றும் எழுதிக் கொண்டு வந்திருக்க மாட்டார்கள். போட்டோ கேட்டால் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்று வரும். முப்பது வருஷம் இங்கே வேஷம் கட்டிய பெரியவர் ஒருவரிடம் நோட்டீஸ் அடிக்கக் கூடாதா என்று கேட்டேன். "எதுக்குத் தம்பி? தெரிஞ்சவங்க வருவாங்க" என்றார். தெரிந்தவர்கள் வந்தார்கள், பெரியவரும் போய்விட்டார். அவர் மேடையேறினார் என்பதற்கு அவர் பெயர் அச்சான ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவர் பேரன் என்னிடம் வந்து கேட்டான். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. முன்பின் பார்த்திராத சர்க்காரின் காகிதம் என் பெட்டியில் இருக்கிறது, பக்கத்துத் தெருக்காரருடையது இல்லை.

தற்பெருமை வேண்டாம் என்பார்கள். ஸ்டேஷன் வாசலில் கைரேகை, வசியம் என்று நோட்டீஸ் கொடுத்து நம் தொழிலாளிகளின் சம்பளத்தைக் கறக்கிறவனும் இதே முறையைத்தான் கையாளுகிறான் என்பதும் வாஸ்தவம். சர்க்கார் தம்மைப் பற்றி எவ்வளவு பெருமையடித்தாலும் மந்திரவாதி என்று சொல்லி மேஜிக் ஷோவுக்குத்தான் டிக்கெட் விற்றார். பார்த்தவர்கள் மூன்று மணி நேரம் வாய் பிளந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், யாருடைய தாலியும் அடகுக்குப் போகவில்லை. வசியக்காரன் தீர்த்து வைப்பதாகச் சொல்வது உங்கள் கஷ்டத்தை. அந்த நோட்டீஸையும் நான் சேர்க்கிறேன், வேறு பெட்டியில்.

சேர்க்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கல்கத்தாவின் ஈரக் காற்று காகிதத்துக்கு எமன். தரையோடு வைக்காதீர்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், கொஞ்ச வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையும் தின்றுவிடும். குண்டூசி துருப்பிடிக்கும். லாமினேஷன் கூடவே கூடாது. பின்பக்கம் பென்சிலால் தேதியும் கிடைத்த இடமும் குறித்து வையுங்கள்.

பழைய பீரோவின் காகித விரிப்புக்கு அடியிலோ, பஞ்சாங்கத்துக்குள்ளோ, இங்கே நடந்த நம் நாடகம், நாகஸ்வரக் கச்சேரி, தெருக்கூத்து எதன் நோட்டீஸாவது இருந்தால், இந்தப் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்காரரின் தராசுக்கு அனுப்ப வேண்டாம். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.