கை தட்டிக் கிளப்பாதீர்கள்!

ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும்போது தூத்துக்குடிக்கு விருந்தாளிகள் வந்து சேருவார்கள். துறைமுகம் போகும் வழியில் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்களே, அங்கே ஆழமில்லாத தண்ணீரில் குச்சிக் கால்களோடு நடப்பவர்கள்தான் அவர்கள்!

அதில் ஒரு பொடியன் கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம்தான். எலுமிச்சம்பழம்கூட அதைவிடக் கனம்! வடதுருவத்தை ஒட்டிய சைபீரியப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிறது. நம் கடற்கரைக்கு வரும் இன்னொன்று பட்டைவால் மூக்கன். இந்த இனத்தைச் சேர்ந்த ஐந்து மாதக் குஞ்சு ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. முதுகில் பொருத்திய கருவி காட்டிக்கொடுத்த கணக்கு இது.

இப்படி வருகிறவர்களை நாம் எப்படி வரவேற்கிறோம்? கை தட்டி, ஓடிப் போய்க் கிளப்பி விடுகிறோம். கூட்டமாக எழும்பித் திரும்பும்போது வெள்ளையாக மின்னும். அழகுதான், மறுக்கவில்லை. பத்து வயதில் நானும் கல்லெறிந்தவன்தான். இப்போது செல்போனில் படம் பிடிக்கப் பெரியவர்களே அதைச் செய்கிறார்கள். அது தவறு என்பது என் கருத்து.

"பறவைதானே, பறந்தால் என்ன?" என்பீர்கள். வெளியூரிலிருந்து களைத்து வந்த மாமா சாப்பிட உட்கார்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவரை எழுப்பி விட்டால் எப்படி இருக்கும்? நெடும்பயணத்தில் உடம்பில் இருந்த கொழுப்பெல்லாம் கரைந்திருக்கும். சேற்றில் புழு, பூச்சி பொறுக்கித்தான் தேற வேண்டும். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் சாப்பாடும் போச்சு, இருந்த தெம்பும் போச்சு.

அவசரமும் உண்டு. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் பாத்திகளில் தண்ணீர் ஏறிவிடும். நெடுங்கால் உள்ளானுக்குக் கவலையில்லை. கொசு உள்ளானுக்குக் கால் எட்டாதே!

உப்பு வாரும் அக்காமார் பக்கத்தில் நடந்தாலும் இவை அவ்வளவாகப் பயப்படுவதில்லை. ஓடுகிறவர்களைக் கண்டால்தான் பயம். உப்பளத்தாரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் வரப்பில் கால் மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்து பாருங்கள். அப்படி உட்கார்ந்த ஒருநாள், என் செருப்புக்கு நாலடி தூரம் வரை ஒரு கொசு உள்ளான் மேய்ந்துகொண்டே வந்தது. படம் எடுக்கவில்லை. கையை அசைத்தால் போய்விடுமே!