போல்ட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு!

திண்டுக்கல் என்றதும் பூட்டு ஞாபகம் வரும், அடுத்து பிரியாணி. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. வத்தலக்குண்டு வழியாக கொடைக்கானல் ஏறி இறங்கும் கார்கள் வேறு. இத்தனை வண்டி ஓடும் ஊரில் மெக்கானிக் பட்டறைக்குப் பஞ்சம் இருக்குமா?

ஒரு பட்டறையில் காரின் லோயர் ஆர்ம் மாற்றுகிறார்கள். போல்ட்டை எவ்வளவு முறுக்குவது? பல இடங்களில் கிடைக்கும் பதில், "கைக்கே தெரியும் சார்!"

அனுபவக் கையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைக்கு ஒரு எண் தெரிய வேண்டும். அதுதான் டார்க், அதாவது முறுக்குவிசை. ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரில் பைப்பைச் செருகி நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே கைபலத்தில் டார்க்கும் இரண்டு மடங்கு. கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, போல்ட்டுக்குத் தெரியும்! குறைவாக முறுக்கினால் ஆடி ஆடிக் கழலும். அதிகமாக முறுக்கினால் இழுபட்டு மரை போகும், அல்லது ஒருநாள் ஒடியும்.

சரி, போல்ட் சைஸைப் பார்த்து பொதுவான அட்டவணையில் தேடினால் போதாதா? போதாது. ஒரே 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 8.8 உண்டு, அதைவிட வலுவான 10.9 உண்டு. தலையிலேயே அச்சடித்திருக்கும். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். சில போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். அலகிலும் குழப்பம் வரும். 80 அடி-பவுண்டு என்பது 108 நியூட்டன் மீட்டர். இதை 80 நியூட்டன் மீட்டர் என்று படித்தால் கால் பங்கு குறைந்துவிடும்.

எண் சரியாக இருந்தாலும் முறை தவறலாம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, கார் ஜாக்கியில் தொங்கும்போதே முழுதாக இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும். பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம். இதெல்லாம் அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். காரோடு வரும் புத்தகத்தில் வீல் நட்டுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

அந்த மேனுவல் யார் கையில்? இங்கேதான் பிரச்சினை. உதிரிபாகம், சோதனைக் கருவி, தொழில்நுட்பத் தகவல் ஆகியவற்றை வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் போட்டியைத் தடுத்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு லோயர் ஆர்ம் போல்ட்டின் எண்ணுக்குச் சின்னப் பட்டறை அலைய வேண்டுமா?

"பயிற்சி இல்லாதவர் கையில் தகவல் போனால் ஆபத்து" என்று ஒரு வாதம் வரலாம். எண்ணை மறைத்தால் ரிப்பேர் நின்றுவிடுமா என்ன? ரிப்பேர் நடக்கத்தான் செய்யும், எண் இல்லாமல் நடக்கும். அதுதான் பெரிய ஆபத்து. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் போல்ட்டுகளின் டார்க் எண்களையாவது ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாக வெளியிட வேண்டும். வியாபார ரகசியம் எதுவும் அதில் இல்லை.

பட்டறைகளுக்கும் பொறுப்பு உண்டு. ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வைக்கலாம். கார்காரரும் பில்லில் பேரம் பேசும் நேரத்தில், "எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கினீர்கள் அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஒவ்வொரு பூட்டுக்கும் அதனதன் சாவி என்பதை ஊருக்கே சொல்லிக்கொடுத்தது திண்டுக்கல். போல்ட்டும் அப்படித்தான். கொடைக்கானல் மலைப்பாதையின் வளைவில் குடும்பத்தோடு இறங்கும் கார், யாரோ குத்துமதிப்பாக முறுக்கிய போல்ட்டை நம்பி இறங்கக்கூடாது!